எடைக்கும் ஒரு கணக்கேடு

திருமலையில் துலாபாரம் செலுத்துவோர் தம் எடையை ஒருமுறை அறிந்தால் போதும். நாள்பட்ட இதயச் செயலிழப்பு உடையவரோ அதனை நாள்தோறும் அறிய வேண்டும். சித்தூர், திருப்பதிக் கிளைகளுக்கு வரும் ஓய்வூதியர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் கருதியே இதனை எழுதுகிறோம்.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை அனுப்ப இயலாமல் தளர்வதாகும். இந்நோயில் எடை என்னும் ஓர் எண்ணுக்குள் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று நீர், மற்றொன்று தசையும் கொழுப்பும்.

மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், அது பெரும்பாலும் உடலில் தேங்கிய நீரே. கால் வீக்கமும், படுத்தால் மூச்சுத்திணறலும் உடன் வரலாம். தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்லக் குறையும் எடை இதனினும் ஏமாற்றக்கூடியது. உடம்பு இளைத்தது நல்லதுதான் என்று வீட்டார் மகிழ்வதுண்டு. 1997-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று இந்நோயாளிகள் 171 பேரைக் கவனித்தது. ஆறு மாதங்களிலோ அதற்கு மேற்பட்ட காலத்திலோ 7.5 விழுக்காட்டுக்கு மேல் மெலிந்தவர்களில் பாதிப்பேர் 18 மாதங்களுக்குள் இறந்தனர். மற்றவர்களில் இறந்தோர் 17 விழுக்காட்டினரே. 60 கிலோ எடையுள்ளவருக்கு 7.5 விழுக்காடு என்பது நாலரைக் கிலோ.

இம்மெலிவுக்கு அழற்சியும் ஒரு காரணம். இதயம் தளரும்போது உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்கள் சில வேதிப்பொருள்களை மிகுதியாகச் சுரக்கின்றன. அவை பசியைக் குறைத்துத் தசையைக் கரைக்கின்றன. அழற்சி என்றதும் கடையில் வலி மாத்திரை வாங்கி உண்பது தீங்காகும். அவற்றுள் பல உப்பையும் நீரையும் உடலில் தேக்குபவை.

வரவும் செலவும் சமமானால் இருப்பு மாறாது. அதுபோல, தசை குறைந்து நீர் கூடினால் எடைக்கருவி அதே எண்ணையே காட்டும். ஆகவே தோளும் தொடையும் மெலிகின்றனவா, பசி குறைகிறதா என்பவற்றையும் நோக்க வேண்டும்.

காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே கருவியில் எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். தாங்களாகவே பட்டினி கிடக்க வேண்டா. திருப்பதி ஸ்விம்ஸுக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ செல்லும்போது அக்குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒருநாள் எடை சொல்லாததை ஆறு மாதக் கணக்கு மருத்துவருக்குச் சொல்லும்.