கோட்டாட்சியர் கையெழுத்து

ஏற்காடு,
வைகாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமன் எழுதுவது. சேர்வராயன் திருவிழாவுக்கு வந்த உன் அம்மா, தேங்காய்ப் பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. ஜியாலஜி சேரப் போகிறாளாம் பாப்பா. அங்கே சாதிச் சான்றே கேட்க மாட்டார்களாம், பணம் கட்டினால் போதுமாம். அவளுக்கு இந்தச் சான்று அலைச்சலே வேண்டாமாம். முதலில் சொன்னதைக் கேட்டு மாமன் சந்தோஷப்பட்டான். கடைசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை.

எங்கே படிப்பது என்பது படிக்கிறவள் முடிவு. மாமன் அதில் தலையிட மாட்டான். கணக்கை மட்டும் பார்ப்போம்.

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடஒதுக்கீடு 69%. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 1 கூட 1990இல்தான் தனியாக வந்தது. அதுவரை 18-க்குள்ளேயே ஒண்டிக்கொண்டு கிடந்தோம். 30 பேர் வகுப்பில் ஒரு சதவீதம் என்றால் அரை ஆள் கூடத் தேறாது. ஆகவே பொதுப் பிரிவின் 31-இல் முட்டி மோத மதிப்பெண்ணும் வேண்டும், அந்த ஒன்று வந்தால் பிடிக்கப் பெட்டியில் சான்றும் இருக்க வேண்டும். பாப்பாவிடம் மதிப்பெண் இருக்கிறது.

மத்திய அரசின் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடிக்கு 7.5%. க்யூட் தேர்வு எழுதிப் போக வேண்டும். ஐஐடிகளுக்கான ஜாம் தேர்விலும் ஜியாலஜித் தாள் உண்டு, அங்கேயும் அதே 7.5. நியாயமாகப் பார்த்தால் அவைதான் அகலமான கதவுகள். ஆனால் புதுச்சேரியின் கடற்கரைப் புழுக்கம் உனக்கு ஒத்துக்கொள்ளாது. சேலத்திலும் வெயில்தான். ஆனால் அது பழகிய வெயில்.

இனி சேலத்துக் கருப்பூர். அங்குள்ள பெரியார் பல்கலைக்கழகம் 1997 செப்டம்பர் 17 அன்று, பெரியார் பிறந்தநாளில் தொடங்கியது. அதுவரை சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஒரு பட்டச் சான்றில் எழுத்துப் பிழை என்றால் ராத்திரி ரயில் ஏறிச் சேப்பாக்கம் போக வேண்டும். இன்றைக்கு ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். அங்கிருந்து பெங்களூரு சாலையில் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். சுற்றிலும் பார்: வெள்ளைக்கல் சுரங்கங்கள். உலகம் மேக்னசைட் என்று சொல்லிப் படிக்கிற கல் அங்கே வாசலில் கிடக்கிறது. நம் மலையில் சார்னோகைட்டும் பாக்சைட்டும். அந்த பாக்சைட்டைத்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். ஆலை நின்று வருஷக்கணக்காகிறது, வெட்டிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை என்ன செய்யலாம் என்று ஒரு ஆய்வு எழுத, அதைப் பார்த்து வளர்ந்தவளைவிட யார் பொருத்தம்?

இந்த மலையைப் படித்தவர்கள் எல்லாருமே வெளியிலிருந்து வந்தவர்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் காபியைக் கொண்டுவந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் இருந்தார். அவர் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பெர்சிவல் 1882இல் கண்ணை மூடியதும் இதே ஊரில். (மாமனாருக்காக மருமகன் இந்த மலையில் தங்கினாரா என்று மாமனுக்கு ஒரு யோசனை உண்டு. மாமன் என்றால் சும்மாவா!) ஃபூட் சேர்த்த கற்கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1963இல் வந்தது தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். வந்தவர்கள் யாரிடமும், நீ எந்த ஊர், உன் தாத்தா எந்த ஊர் என்று இந்த மலை சான்று கேட்கவில்லை. மலையிலேயே பிறந்தவன் இறங்கிப் போனால்தான் கேட்கிறார்கள்.

மாமனின் 1990 கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் இன்னொரு தரம் கேள். பழங்குடிச் சான்றில் தாசில்தார் கையெழுத்து 1989 நவம்பர் 11 வரைதான் செல்லும். அதற்குப் பிறகு கோட்டாட்சியரோ சப்-கலெக்டரோ போட வேண்டும். மாமன் எம்.ஏ. வரலாற்றுக்கு இடம் வாங்கிக்கொண்டு போய் நின்றபோது கையில் இருந்தது அந்தத் தேதிக்குப் பிந்திய தாசில்தார் சான்று. கவுண்டரில் இருந்தவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டாட்சியர் விசாரணைக்கு ஆள் வந்து, உங்கள் சாமி எது, சாவுக்கு என்ன முறை, பெண் எடுப்பது எங்கே என்று உன் பாட்டியைக் கேட்டு எழுதிக்கொண்டு போவதற்குள் பட்டியல் மூடிவிட்டது. நம் இனப் பெயரைப் பார்த்து, "மலையாளி என்றால் கேரளாவா?" என்று கேட்ட ஆளும் உண்டு. பழைய கிரயப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருக்கிறதே, பிறகு எப்படிப் பழங்குடி என்று மடக்கிய ஆளும் உண்டு.

இதைவிடக் கொடுமை ஈரோட்டுப் பக்கம். பர்கூர் மலையில் இருக்கும் நம் ஆட்களுக்கு எஸ்.டி. பட்டியலில் இடமே இல்லை. அதே சாமி, அதே சடங்கு. மாவட்டம் மாறினால் பழங்குடி என்பது இல்லாமல் போகுமா? அவர்கள் இந்தக் காகிதத்துக்காக எத்தனை வருஷமாக நடையாய் நடக்கிறார்கள். நமக்கு அது கிடைக்கும். கிடைப்பதை அலைச்சல் என்று தூக்கிப் போடுகிறாயே, அதுதான் மாமனுக்கு ஆறவில்லை.

தனியாரில் சான்று கேட்க மாட்டார்கள், சரி. நாளைக்கு பிஎச்.டி. என்று வந்தால்? பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை வருஷத்துக்கு 750 பேருக்கு. அரசு வேலை என்றாலோ சான்றின் மெய்த்தன்மையே விசாரணைக்குப் போகும். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நடைமுறை அது. கல்லூரி இடத்துக்குப் பொய்ச் சான்று கொடுத்தவர்களால் வந்த வழக்கு. பொய் கொடுத்தவர்களுக்காக வந்த கெடுபிடியை உண்மையானவர்கள் சுமக்கிறோம். ஆகவே சான்றுக்கு இப்போதே இ-சேவையில் போடு. பள்ளி டி.சி.யிலும் மதிப்பெண் பட்டியலிலும் அப்பா பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா பார். உன் பத்தாம் வகுப்புப் பட்டியலில் இனிஷியல் முன்னால், பன்னிரண்டில் பின்னால். அம்மா காட்டினாள். இந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் பெரிய கேள்வி வரும்.

ரொம்பப் பேசிவிட்டான் மாமன். கோபமில்லை கண்ணு. நம் குடும்பத்தில் கல்லை எடுத்துப் பார்த்து அதன் பெயர் சொல்லத் தெரிந்த முதல் ஆள் நீ. போன பொங்கலுக்கு வாசல்படிக் கல்லைக் காட்டி, இது எத்தனை கோடி வருஷப் பழசு தெரியுமா என்று நீ சொன்னதை மாமன் டீக்கடையில் சொல்லாத நாளில்லை. கோயம்புத்தூரோ புதுச்சேரியோ, எங்கே சேர்ந்தாலும் முதல் செமஸ்டர் பணம் மாமன் பொறுப்பு. மிளகு விற்ற காசு அப்படியே இருக்கிறது. விடுதிச் சாப்பாடு பிடிக்காவிட்டால் அத்தை பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். அவளுக்கு அதைவிட வேறென்ன வேலை? பலா பழுக்க ஆரம்பித்துவிட்டது, ஒரு நடை வந்துவிட்டுப் போ. படிப்பு பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான் மாமன்.

அன்புடன்,
மாமன்

பி.கு.: கருப்பூர் விண்ணப்பம் ஆன்லைனில்தானாம். இது சும்மா தகவலுக்கு. பழைய சாதி அட்டையை லேமினேட் செய்துவிடாதே, அசல் சரிபார்ப்பில் தகராறு வரும். வெள்ளைப் பின்னணிப் போட்டோ நாலு எடுத்து வை. பஸ் நிலையத்துக்கு எதிரே எடுத்தால் அரை மணியில் தருகிறான்.