ஆக்சில் எங்கே உடைய வேண்டும்?

லோயர் கேம்ப்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றைப் போட்டிக்குத் தயார் செய்வதாகவும், பின் ஆக்சிலை நீயே கனமாகச் செய்யப்போவதாகவும் எழுதியிருந்தாய். உடையவே உடையாத ஆக்சில் வேண்டும் என்கிறாய். அப்படி ஒன்று கிடையாது மாப்ளே. அது எங்கே உடைய வேண்டும், உடைந்த பிறகு சக்கரம் என்ன ஆகவேண்டும் என்பதை முதலில் முடிவு செய். இரும்பும் அளவும் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இந்த ஊர். விடியும் முன்னே கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் இங்குள்ள பவர் ஹவுஸைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் ஏறுகின்றன. மேலே போனால் வண்டன்மேடு வரை தோட்டப் பாதைகள். ஜூன் மாத மழையில் அவை வெறும் சேறும் கல்லும்தான். அங்கே ஆக்சில் கட்டானால் வண்டி நின்றுவிட்டால் போதும், கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவில் ஷாஃப்ட்டோடு சக்கரமும் கழன்று வந்தால் அது உயிர்ச்சேதம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆக்சிலின் அமைப்பிலேயே இருக்கிறது. செமி-ஃப்ளோட்டிங் வகையில் ஷாஃப்ட்டுக்கு இரண்டு வேலை: சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், வண்டியின் எடையைத் தாங்கவும் வேண்டும். பேரிங்குக்கு வெளியே அது முறிந்தால் சக்கரம் தனியாகப் போய்விடும். ஃபுல்-ஃப்ளோட்டிங் வகையில் ஹவுசிங்கின் முனையிலுள்ள ஸ்பிண்டில் மீது, இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளில் ஹப் உட்கார்ந்திருக்கும். எடை முழுவதும் ஹவுசிங்குக்கே. ஷாஃப்ட் முறுக்கை மட்டும் கடத்தும். அது முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் பின் ஆக்சில் இந்த வகைதான். பிறகு வந்த சிவிலியன் ஜீப்புகள் செமி-ஃப்ளோட்டிங்குக்கு மாறின. மஹிந்திரா இங்கே தயாரித்த சி.ஜே. 3பி-யும் அப்படியே. அதில் டேப்பர் முனையில் ஹப்பை ஒரு கீயும் ஒரு நட்டும்தான் பிடித்திருக்கும். நட்டு தளர்ந்தால் கீ அறுந்துபோகும். ஆகவே உன் வரைபடத்தில் ஃபுல்-ஃப்ளோட்டிங்கைத் தவிர வேறு எதையும் போடாதே. செலவு கூடும்தான், கூடட்டும்.

இனி கணக்கு. முறுக்கை இன்ஜினிலிருந்து கணக்கிட்டு வந்திருக்கிறாய். 180 நியூட்டன் மீட்டரை முதல் கியர், லோ ரேஞ்ச், கிரவுன்-பினியன் விகிதங்களால் பெருக்கினால் 9,000-ஐத் தொடுகிறது. அதைப் பார்த்துப் பயந்தும் போயிருக்கிறாய். டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்குத்தான் ஷாஃப்ட்டுக்கு முறுக்கு வரும்; அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கிச் சுற்றிவிடும். ஒரு பின்சக்கரத்தின் மேல் 700 கிலோ, டயரின் ஆரம் 0.36 மீட்டர், பாறையில் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள். ஏறக்குறைய 2,000 நியூட்டன் மீட்டர் வரும். டிஃபரன்ஷியலை லாக் செய்து, மறுசக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அந்த ஆக்சிலின் சுமை முழுவதும் ஒரே சக்கரத்துக்கு வந்துவிடும். அப்போது 4,000.

30 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் 4,000 ஏறினால் மேற்பரப்பில் சறுக்குத் தகைவு சுமார் 750 மெகாபாஸ்கல். ஈ.என்.24 எஃகை 'டி' நிலைக்குப் பதப்படுத்தினால்கூட முறுக்கில் 400-க்குப் பக்கத்திலேயே இளகிவிடும். இதே சுமைக்கு 38 மில்லிமீட்டர் போட்டால் 370-க்கு இறங்குகிறது. விட்டம் எட்டு மில்லிமீட்டர்தான் கூடியது, தகைவோ பாதிக்குப் பாதி. வலிமை விட்டத்தின் மும்மடியில் ஏறுவதால் வரும் பலன் இது. ஆனால் பாறையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பிடிமானம் கிடைத்தால் அதிர்ச்சிச் சுமை இந்தக் கணக்கையும் தாண்டும். அதனால்தான் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன்.

என் தீர்மானம் இது: ஷாஃப்ட்தான் முறியவேண்டும். கிரவுன்-பினியனும் ஸ்பிண்டிலும் அதைவிட வலுவாக இருக்கட்டும். ஃபுல்-ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட்டை வெளியிலிருந்தே உருவி, வேறொன்றைச் செருகிவிடலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். பினியன் போனால் நாள் முழுக்க வேலை.

ஷாஃப்ட் பெரும்பாலும் ஸ்பிளைன் முடியும் இடத்தில்தான் போகிறது. ஸ்பிளைனின் பள்ளம் திடீரென்று நின்று தண்டு தடிக்கும் அந்த மூலையில் தகைவு குவிகிறது. தடித்த தண்டுதான் பலம் என்று நினைத்து நடுப்பகுதியைப் பருமனாக விட்டால் திருகல் முழுவதும் அந்த மூலையிலேயே குவியும். நடுத்தண்டை ஸ்பிளைனின் அடிவிட்டத்தைவிட ஒரு துளி மெலிதாகக் கடைந்துவிடு. திருகல் தண்டின் நீளம் முழுவதும் பரவி, ஷாஃப்ட் ஸ்பிரிங்போல் கொஞ்சம் திருகிக்கொடுக்கும். மாறும் இடத்தில் தாராளமான வளைவு வை, லேத் டூல் விட்ட கீறலைத் தேய்த்துப் போக்கு. ஒரு சின்னக் கீறலிலிருந்துதான் களைப்பு விரிசல் கிளம்பும்.

பழைய ஜீப்பிலிருந்து முறிந்த ஷாஃப்ட் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதே, முகத்தைப் பார். சாக்பீஸைத் திருகி உடைத்ததுபோல் சாய்வாக, சுருளாகப் பிளந்திருந்தால் இரும்பு அளவுக்கு மீறிக் கெட்டியாகி நொறுங்கியிருக்கிறது, டெம்பர் சரியில்லை. ஓர் ஓரத்திலிருந்து அலையலையாகக் கோடுகள் கிளம்பி, மிச்ச இடம் சொரசொரப்பாக இருந்தால் விரிசல் மாதக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. தட்டையாக, நடுவில் சுழி விழுந்து, ஸ்பிளைன் பல்லும் முறுகியிருந்தால் ஒரே இழுப்பில் போனது. ஷாஃப்ட்டை மாற்றுவதற்கு முன் இது தெரியவேண்டும், இல்லாவிட்டால் அடுத்ததும் அதே வழியில் போகும்.

ஹவுசிங்கைப் பற்றிச் சுருக்கமாக: குழாயை ஒரே மூச்சில் சுற்றி வெல்டிங் செய்தால் வளைந்துவிடும். உள்ளே நேர்க்கம்பியை நிறுத்தி, எதிரெதிர்ப் பக்கங்களில் சின்னச் சின்னத் துண்டாகப் போடு. நடுக்கூடு வார்ப்பு என்றால் முன்சூடு ஏற்று, மெள்ள ஆறவிடு. ஸ்பிண்டிலை முடிந்தமட்டும் கடைசியில் வை.

ஆக்சில் கனத்தால் பிரேக்கும் கனக்க வேண்டும். பெரிய டயர் போட்டு, பழைய பிரேக்கை அப்படியே விட்டுக் குமுளிப் பாதையில் இறங்குகிறவனுக்கு நான் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கமாட்டேன்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த ஆக்சில் போட்டித் திடலுக்கு மட்டும்தான். வண்டி அங்கே லாரியில் போகட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருக்கும் உன் நண்பன், "எனக்கும் ஒரு செட் செய்து கொடு" என்று கேட்பான். மறுத்துவிடு. அவனுக்கு ஹப் நட்டைக் கழற்றி, கீயையும் டேப்பர் முகத்தையும் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நட்டை முறுக்கிக் கொடு.

பதப்படுத்தித் தரும் இடத்தில் கடினத்தன்மைச் சோதனைச் சீட்டு கேட்டு வாங்கு. வரைபடத்தைத் திருத்தி அனுப்பும்போது டயர் ஆரத்தை அட்டவணையிலிருந்து எடுக்காமல், சுமை ஏற்றிய வண்டியில் தரையிலிருந்து ஹப்பின் நடுவரை அளந்து எழுது. பின்சக்கரங்களைத் தனித்தனியாக எடைபோட்ட சீட்டையும் சேர்த்து வை.

அன்புடன்,
உன் மாமா