குதிரையேற்றத்திற்கு முதல் காலணி

மாணவச் செல்வங்களே, குதிரை நமக்கு முற்றிலும் புதிய விலங்கன்று. தோட்டத்துக் கோயில்களில் மதுரை வீரன் வெண்புரவி மீது வீற்றிருக்கும் சிலையை நம்முள் பலர் சிறு வயது முதலே கண்டு வணங்கி வருகிறோம். சிங்கப்பூரில் 1843-ஆம் ஆண்டு தொடங்கிய குதிரைப் பந்தயம் 2024-ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. அத்தகைய பந்தயத் திடல்களின் இலாயங்களில் குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனியிட்டு, நடைபயிற்றிப் பேணியவர்களுள் நம்மவரும் பலர் இருந்தனர்.

ஆயினும், குதிரையில் ஏறுவதற்கென்று தனிக் காலணி ஏன் வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது. அழகுக்காக அணிவது என்றே எண்ணுகிறோம். உண்மையில் அக்காலணியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் உண்டு. சில காரணங்கள் உயிரோடு தொடர்புடையவை. அவற்றை அறிந்தால், குதிரையேறும் பிள்ளைக்கு மட்டுமன்றி, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் வேலைக்காட்டுக்குச் செல்லும் தந்தைக்கும் தக்க காலணியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு நமக்கு உண்டாகும்.

அங்கவடியும் அதன் ஆபத்தும்

குதிரையின் முதுகில் வைத்துக் கட்டும் இருக்கைக்குச் சேணம் என்று பெயர். சேணத்தின் இரு பக்கமும் தோல்வாரில் தொங்கும் இரும்பு வளையமே அங்கவடி. குதிரையில் அமர்ந்தவர் தம் முன்பாதத்தை அதில் ஊன்றிக்கொள்வார்.

சவாரி செய்பவர் தவறி விழும்போது அவர் கால் அங்கவடியை விட்டு உடனே நீங்க வேண்டும். நீங்காமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மிரண்ட குதிரை நில்லாது ஓடும். விழுந்தவர் தரையோடு தரையாக இழுத்துச் செல்லப்படுவார். வெறும் சிராய்ப்போடு போகவேண்டிய வீழ்ச்சி உயிருக்கே தீங்காக முடியலாம். இவ்வாபத்தைத் தடுப்பதே குதிரையேற்றக் காலணியின் முதற்கடமை.

குதியும் அடிப்பாகமும்

இக்காலணியின் குதி ஏறத்தாழ ஓர் அங்குல உயரம் உடையதாக இருக்கும். பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்து மறுபுறம் சென்றுவிடாமல் அக்குதி தடுத்து நிறுத்துகிறது. நாம் பள்ளிக்கு அணியும் துணிச் சப்பாத்துக்கு இத்தகைய குதி இல்லை. அதை அணிந்துகொண்டு குதிரையில் ஏறினால் பாதம் எளிதில் வழுக்கி உள்ளே சென்று கணுக்காலில் மாட்டிக்கொள்ளும். ஆகவேதான் பயிற்றுநர்கள் அதை அனுமதிப்பதில்லை.

அடிப்பாகம் பெரும்பாலும் வழவழப்பாகவோ, மிக மெல்லிய வரிகள் உடையதாகவோ இருக்கும். விழும் நேரத்தில் கால் விரைந்து வெளிவருவதற்கே இந்த ஏற்பாடு. செம்பனைத் தோட்டத்தில் நம் பெற்றோர் அணியும் ரப்பர்ப் பூட்சின் அடியைப் பாருங்கள். அதில் ஆழ்ந்த பள்ளங்களும் மேடுகளும் இருக்கும். மழை பெய்த சரிவில் வழுக்கி விழாமல் அவை காலைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதே பள்ளங்கள் அங்கவடியில் சிக்கிக்கொண்டால் காலை விடமாட்டா. ஓரிடத்தில் உயிர் காப்பது மற்றோரிடத்தில் உயிருக்குப் பகையாகிறது! எனவே, நல்ல காலணி எது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வேலைக்கு நல்லது என்றும் கேட்க வேண்டும்.

அங்கவடியின் அகலமும் காலணிக்குப் பொருந்த வேண்டும். காலணியின் மிக அகன்ற பகுதியைவிட அங்கவடி ஏறத்தாழ ஓர் அங்குலம் அகலமாக இருத்தல் நலம். குறுகியிருந்தால் கால் இறுகிவிடும். மிக அகன்றிருந்தால் பாதம் உள்ளே நழுவிவிடும்.

குட்டையா, நெட்டையா?

இக்காலணியில் இரு வகை உண்டு. கணுக்காலை மூடும் அளவுக்குக் குட்டையானது ஒன்று. முழங்கால்வரை உயர்ந்தது மற்றொன்று. குட்டை வகையுள் ஒன்று இந்தியாவிலுள்ள ஜோத்பூர் நகரின் பெயரால் வழங்குகிறது.

அங்கவடியின் இரும்பு கணுக்காலில் இடிக்காமலும், தோல்வார் கெண்டைக்காலைக் கிள்ளாமலும் காப்பதற்கே இந்த உயரம். முதன்முதலாகப் பயிலும் பிள்ளைக்குக் குட்டைக் காலணியே போதுமானது. கெண்டைக்காலைக் காக்கத் தனியே ஓர் உறையைக் கட்டிக்கொள்ளலாம். வளரும் பிள்ளையின் கால் விரைவில் பெரிதாகிவிடும். விலை மிகுந்த நெட்டைக் காலணியை வாங்கினால், அது தேயுமுன்னரே கால் கொள்ளாமற் போய்விடும்.

கயிறு கட்டும் காலணியாயின், கயிற்றின் முடிச்சு தொங்காமல் உள்ளே செருகப்பட்டிருக்க வேண்டும். இருபுறமும் நெகிழ்பட்டை வைத்துத் தைத்த காலணி சிறுவர்க்கு எளிது.

அளவெடுக்கும் முறை

காலணி வாங்கக் காலையில் செல்வதைவிட மாலையில் செல்வதே சிறந்தது. நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது இயல்பு. பெரிய காலுக்கு ஏற்ற அளவையே கொள்ள வேண்டும். சவாரியின்போது அணியும் காலுறையையே அணிந்துகொண்டு போட்டுப் பார்த்தல் வேண்டும்.

நிமிர்ந்து நின்றபின், நீண்ட விரலின் நுனிக்கும் காலணியின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். விரல்கள் மடங்காமல் அசைய வேண்டும். நடக்கும்போது குதிகால் உள்ளே ஏறி இறங்கக்கூடாது.

பிறகு இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, குதிகாலை மெல்லக் கீழே தாழ்த்திப் பார்க்க வேண்டும். குதிரைமேல் அமரும்போது கால் அவ்வாறே இருக்கும். அப்போது கணுக்காலை எங்கேனும் வெட்டினால் அக்காலணி ஏற்றதன்று.

பெற்றோர்க்கு ஒரு சொல்

"வளர்கிற பிள்ளைதானே, இரண்டளவு பெரிதாக வாங்கினால் அடுத்த ஆண்டும் ஆகும்" என்று நாம் சொல்வதுண்டு. உழைத்துச் சேர்த்த பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்னும் எண்ணம் குற்றமன்று. ஆனால், பெரிய காலணிக்குள் கால் நிலைகொள்ளாது. அதன் அகலம் அங்கவடியிலும் சிக்கும். பள்ளிச் சப்பாத்தும் அப்படியே. பெரிதாயின் பிள்ளை இடறி விழும். சிறிதாயின் விரல்கள் மடங்கிப் புண்ணாகும். கால் வலிப்பதை எல்லாப் பிள்ளைகளும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டின் பணமுடையை அறிந்த பிள்ளை சொல்லாமலே இருந்துவிடுகிறது. ஆதலால், சில மாதங்களுக்கு ஒருமுறை நாமே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அறிந்துகொள்வோம்.

சிக்கனத்திற்கு வேறு வழியும் உண்டு. பிறர் அணிந்த காலணியைத் தாராளமாக வாங்கலாம். குதி ஒருபுறமாகத் தேய்ந்துள்ளதா, அடிப்பாகம் பிரிந்துள்ளதா, நெகிழ்பட்டை தளர்ந்துள்ளதா என்று பார்த்துக்கொண்டால் போதும். தலைக்கவசத்தை மட்டும் அவ்வாறு வாங்கலாகாது. முன்பு அடிபட்ட கவசத்தின் பழுது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும்.

வாங்கிய காலணியைப் பேணுதலும் கடமையே. நம் நாட்டு ஈரக்காற்றில் தோல் விரைவில் பூசணம் பிடிக்கும். நனைந்த காலணியைத் துடைத்து, உள்ளே செய்தித்தாளை அடைத்து, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடித்துவிடும்.

குதிரைவீரன் காலணி நம் தோட்டத்திற்கு வந்த கதை

நம் பெற்றோர் அணியும் ரப்பர்ப் பூட்சும் குதிரைவீரன் காலணியின் வழிவந்ததே என்றால் வியப்பாக இருக்கும். 1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்த ஆங்கிலப் படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்பவர் ஓர் அதிகாரியாக இருந்தார். பின்னர் வெலிங்டன் கோமகன் என்று பெயர் பெற்ற இவர், குதிரைவீரர் அணிந்த உயரக் காலணியை எளிமையாக மாற்றித் தருமாறு இலண்டன் நகரத்துக் காலணித் தொழிலாளர் ஒருவரைப் பணித்தார். அதுவே அவர் பெயரால் வழங்கலாயிற்று. அது தோலால் ஆனது. செல்வருக்கே உரியதாக இருந்தது.

1839-ஆம் ஆண்டு, ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெப்பத்தில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிபெறும் என்பதைச் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1853-ஆம் ஆண்டு ஹைரம் ஹட்சின்சன் பிரான்சு நாட்டில் ரப்பர்க் காலணித் தொழிலைத் தொடங்கினார். 1877-ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதன்பின் மலாயாவில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. விடியுமுன் எழுந்து நம் முன்னோர் சீவிய மரங்களின் பால், உலகெங்கும் எண்ணற்ற பொருள்களாக மாறியது. கோமகன் அணிந்த காலணி உழவனும் தொழிலாளியும் அணியும் காலணியாயிற்று.

குதிரையேறும் சிறுவர்க்கென அமைந்த ஒருவகை அங்கவடியில் ஒரு பக்கம் இரும்புக்கு மாறாக ரப்பர் வளையம் மாட்டப்பட்டிருக்கும். சிறுவன் விழுந்தால் அவ்வளையம் கழன்று காலை விடுவிக்கும். ஒரு சிறு ரப்பர்த் துண்டு ஓர் உயிரைக் காக்கிறது!

மாணவச் செல்வங்களே, பிறர் அணிவதைக் கண்டு காலணியை விரும்பாதீர். செய்யப்போகும் செயலையும் நம் காலின் அளவையும் அறிந்து தேர்ந்தெடுப்போம். நமக்காக நாள்தோறும் பூட்சு அணிந்து வேலைக்குச் செல்லும் தாய்தந்தையரின் கால்களையும் நன்றியோடு நினைவிற்கொள்வோம்.

பயிற்சி

1. குதிரையேற்றக் காலணிக்குக் குதி எதற்காகத் தேவைப்படுகிறது?
2. தோட்டத்து ரப்பர்ப் பூட்சின் அடிப்பாகம் குதிரையேற்றத்திற்கு ஏன் ஆகாது?
3. காலணி வாங்க மாலை வேளை ஏற்றது எனப்படுவது ஏன்?
4. இன்று உங்கள் பள்ளிச் சப்பாத்தை அணிந்து நின்று, முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் உள்ளதா என்று பார்த்துப் பெற்றோரிடம் கூறுக.