பிளக்கின் தலை எங்கே போயிற்று?

கேள்வி: டிராக்டரில் கியர் ஆயில் மாற்றலாம் என்று அடியில் படுத்துப் பார்த்தால், டிரெயின் பிளக்குக்குத் தலையே இல்லை. நடுவில் ஒரு சதுரக் குழிதான் இருக்கிறது. என்னிடமுள்ள எந்த ஸ்பேனரும் பிடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் உளி வைத்துத் தட்டச் சொல்கிறார். இப்படியொரு குழியை எதற்காக வைத்தார்கள்? எதைக்கொண்டு கழற்றுவது?
– ஒரு வாசகர், நிலக்கோட்டை வட்டம்

பதில்: உளியைத் தூர வையுங்கள். மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் அதற்கு வேலை.

தலையை உள்ளே புதைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் பல தொழிலாளிகளின் ரத்தம் இருக்கிறது. பழைய அரிசி ஆலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும், அதிலிருந்து பெல்ட் போட்டு ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டுவார்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் தொழிற்சாலைகள் அப்படித்தான் ஓடின. புல்லியை ஷாஃப்டோடு இறுக்கிய திருகுகளின் சதுரத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாகச் சுற்றும்போது அது கண்ணுக்குத் தெரியாது. சட்டைக்கை சிக்கினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வில்லியம் ஜி. ஆலன் இதற்கு ஒரு வழி செய்தார். அறுகோண அச்சைச் சுற்றி எஃகை அழுத்தி, நடுவில் குழியுள்ள திருகு தயாரிக்கும் முறைக்கு 1910-ல் காப்புரிமை பெற்றார். பாதுகாப்புத் திருகு என்றே அதை விற்றார். நாம் கடையில் கேட்டு வாங்கும் ஆலன் கீ அவர் பெயரில் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1909-ல், கனடாவில் பி. எல். ராபர்ட்சன் சதுரக் குழித் திருகுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அவர் நோக்கம் வேறு: திருப்புளி வழுக்கிக் கையைக் கிழிக்கக் கூடாது.

கியர்பாக்ஸ் பிளக் சுற்றுவதில்லை. ஆனால் உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் உழும்போது கல்லும் கட்டியும் அடியில் மோதாத நாள் உண்டா? தலை நீட்டியிருந்தால் அடிபட்டு நசுங்கும். குழி சதுரமாக இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. 1920-ல் மில்வாக்கியில் ஜோசப் ஜான்சன் என்பவர், ஒரே கைப்பிடியில் பல சாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் ஏற்பாட்டை விற்கத் தொடங்கினார். ஸ்னாப்-ஆன் நிறுவனம் அப்படிப் பிறந்தது. இன்றைய சாக்கெட் செட்டில் கைப்பிடியின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரம் இருக்கிறதே, பல பிளக்குகளுக்கு அதுவேதான் சாவி. சாக்கெட்டே மாட்ட வேண்டாம். நேராகக் குழியில் செருக வேண்டியதுதான்.

அளவில்தான் கவனம் வேண்டும். கைப்பிடிச் சதுரங்கள் அங்குலக் கணக்கில் வருபவை: ஊகிக்காமல் அளந்து பாருங்கள். 3/8 அங்குலம் என்றால் 9.5 மி.மீ., அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. ரெனோ போன்ற பிரெஞ்சு வண்டிகளின் ஆயில் பிளக்கில் 8 மி.மீ. சதுரம் வழக்கம், அதில் 3/8 நுழையாது, 1/4 அங்குலம் உள்ளே ஆடும். ஆடுகிற எதையும் போட்டுத் திருகினால் குழியின் மூலைகள் மழுங்கிவிடும். சரியான கீ கிடைக்காவிட்டால், நல்ல எஃகுச் சதுரக் கம்பியை வாங்கிப் பூட்டுப் பட்டறையில் கொடுங்கள். பூட்டை அரத்தால் ராவியே பொருத்திப் பழகிய கைகள் திண்டுக்கல்லில் இருக்கின்றன. இழை பிசகாமல் ராவித் தருவார்கள்.

அங்குலமா, மில்லிமீட்டரா என்ற குழப்பம் டிராக்டரின் மற்ற போல்ட்டுகளிலும் உண்டு. டாஃபே நிறுவனம் 1960-ல் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களோடு தொடங்கியது. அதன் ஆலை ஒன்று உங்கள் வட்டத்திலேயே, கல்லடிப்பட்டியில் இருக்கிறது. இந்தியா மெட்ரிக் சட்டம் இயற்றியது 1956-ல். ஆனாலும் அங்குலக் காலத்து வடிவமைப்பில் வந்த பழைய டிராக்டர்கள் இன்னும் உழுதுகொண்டிருக்கின்றன. அவற்றில் தலை முக்கால் அங்குலம் உள்ள போல்ட்டுக்கு 19 மி.மீ. ஸ்பேனர் ஏறத்தாழ கச்சிதம். 9/16 அங்குலத்துக்கு 14 ஏறாது, 15 வழுக்கும்.

இனி வேலை. ஆயிலை வடிக்கும் முன், ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அடிப் பிளக்கைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் பிளக் வர மறுத்தால், உழவு நேரத்தில் வண்டி கொட்டகையிலேயே கிடக்கும். சிறிது நேரம் ஓட்டி ஆயில் இளகியதும், சமதரையில் நிறுத்துங்கள். குழிக்குள் இறுகிய மண்ணைக் கம்பியால் சுரண்டி எடுங்கள். கீ அடிவரை இறங்காததற்குப் பெரும்பாலும் அந்த மண்தான் காரணம். கீயின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, நீளக் கைப்பிடியில் நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

மாற்றுப் பிளக் வாங்கும்போதும் ஏமாறலாம். போர்வெல் பைப்புக்கு விற்கும் பிளக் பிரிட்டிஷ் மரை, 55 பாகைக் கோணம். டிராக்டரில் அமெரிக்க மரை இருந்தால் அது 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை என்பதால், ஒன்று மற்றதில் ஏறுவதுபோலத் தெரியும்; பிறகு ஒழுகும். ஒழுகுகிறதே என்று மேலும் இறுக்கினால், குவிந்து செல்லும் பிளக் ஆப்பாக இறங்கி வார்ப்பிரும்பு ஹவுசிங்கையே பிளக்கும். பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோய் உதிரிபாகக் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: தலையுள்ள பிளக்குக்கு ரிங் ஸ்பேனர் நல்லதா, சாக்கெட் நல்லதா?
– ஒரு வாசகர், வேடசந்தூர்

பதில்: எதுவானாலும் உள்ளே ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை, இடுக்கில் 30 பாகைக்கு ஒருமுறை மாற்றிப் பிடிக்க வசதியானது. ஆனால் துருப்பிடித்த தலையில் மூலையை மட்டும் கடித்து வழுக்கும். ஸ்வீடன் நாட்டு ஜே. பி. யோஹான்சன் 1892-ல் காப்புரிமை பெற்ற அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் அருமையான கருவிதான். ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். அதன் நகரும் தாடையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்.