நோட்டீஸில் இருக்கும் மனை நிலத்தில் இருக்கிறதா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டு மனு வந்தது. தொகை 40 ஆயிரம். என்ன செலவுக்கு என்று கேட்டோம். "மனைக்கு அட்வான்ஸ் கட்டணும்க்கா, ஞாயித்துக்கிழமைக்குள்ள கட்டினா தங்கக்காசு தர்றாங்களாம்" என்றார் அந்த உறுப்பினர். கையில் வழுவழுப்பான நோட்டீஸ். பேருந்து நிலையத்திலிருந்து 5 நிமிடம், பக்கத்திலேயே கல்லூரி வரப்போகிறது, பஞ்சாயத்து அப்ரூவல் உள்ளது என்று அச்சடித்திருந்தார்கள். வேன் வைத்துக் கூட்டிப்போய், பிரியாணி போட்டு, கல் நட்டுக் கொடி கட்டிய இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே 10 ஆயிரம் கொடுத்தாச்சு. ரசீது? ஒரு துண்டுச்சீட்டு!

கடனை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அவருக்குக் கோபம்தான். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் விசாரித்ததுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் அந்த "பஞ்சாயத்து அப்ரூவல்". நம்மில் பலர் ஏமாறுவது இந்த வார்த்தையில்தான். தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி., மனைப்பிரிவின் வரைபடத்துக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. அனுமதி பெறாத புதிய மனையை 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு வீட்டுமனையாகப் பத்திரம் பதிய முடியாது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்குத்தான் விலக்கு. இதற்கும் புரோக்கர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "விவசாய நிலம்னு எழுதிப் பதிஞ்சுக்கலாம்மா" என்பார்கள். பதிந்துவிடலாம், சரி. வீடு கட்டும்போது பிளான் அனுமதிக்கும் பேங்க் கடனுக்கும் யார் அலைவது?

அடுத்தது ரெரா. 2016-இல் வந்த சட்டம். 500 சதுர மீட்டரை (சுமார் 12 சென்ட்) தாண்டி, 8 மனைக்கு மேல் உள்ள புதிய மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. நோட்டீஸிலேயே பதிவு எண் இருக்க வேண்டும். அங்கே விற்றுத்தரும் புரோக்கரும் பதிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பொய் விளம்பரத்தை நம்பி வாங்கியவர் விலகிக்கொண்டால், கட்டிய பணத்தை வட்டியோடு கேட்க உரிமை உண்டு.

நம் உறுப்பினரின் நோட்டீஸில் எண்ணே இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு" என்றார் புரோக்கர். சர்வே எண்ணை வாங்கி வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். நிலம் முழுவதும் ஒரு வங்கியில் அடமானம்! மீட்டதற்குப் பதிவு இல்லை. வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோர்ட்டு வழக்கு தெரியாமல் போகலாம். அதனால் மூலப்பத்திரத்தை அசலாகப் பார்க்க வேண்டும், ஜெராக்ஸ் கூடாது. பட்டா யார் பெயரில் என்றும் பார்க்க வேண்டும்.

கணக்கும் ஒன்று. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்று சொல்லி 1,200 சதுர அடியைக் கொடுத்தால் சுமார் 107 சதுர அடி குறையும். அவருக்குக் காட்டிய மனையை நாம் டேப் பிடித்து அளந்தபோது அதுவும் 1,200 தான்.

குழுவிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். இரண்டு நடைக்குப் பிறகு 7 ஆயிரம் வந்தது. மீதி 3 ஆயிரத்துக்கு "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுத்தில் புகார் கொடுக்கக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டில் கிடக்கும் மனை நோட்டீஸ்களை எடுத்து வாருங்கள். பதிவு எண் இருக்கிறதா என்று சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.