கோடியக்கரைக் காட்டில் ஆறுமணிக்குருவியைக் காண

காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகச் சென்றடையும் கோடியக்கரை, 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோடையிலும் பசுமை மாறாத உலர்காடும் அதையொட்டிய உப்பங்கழியும் கொண்டது. வருவோர் பெரும்பாலும் பூநாரைகளைத் தேடி உப்பளங்களுக்கே விரைகின்றனர். பூநாரைகளை மார்கழி, தை மாதங்களிலும் காணலாம் என்பதால், ஐப்பசித் தொடக்கத்தில் காட்டுக்குள் செல்வதே சிறந்தது.

அப்போது வடக்கிலிருந்து வலசை வரும், அதாவது பருவந்தோறும் இடம்பெயரும் ஆறுமணிக்குருவி, விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குச் சீழ்க்கையடிப்பதால் இப்பெயர் பெற்றது. பச்சை முதுகும் கண்ணை ஒட்டிய கரும்பட்டையும் சிவந்த அடிவயிறும் இருந்தும், பாலை மரநிழலில் சருகுகளைப் புரட்டிப் பூச்சி தேடும் அது எளிதில் புலப்படாது. ஆகவே கிளைகளை அண்ணாந்து பாராமல், மங்கிய நிற உடையுடன் அரைமணி நேரமேனும் அசையாதிருந்து தரையைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு உதவும் இருகண்நோக்கியில் 8×42 என்றிருப்பது எட்டு மடங்கு பெரிதாக்குவதையும் முகப்பு வில்லையின் 42 மி.மீ. விட்டத்தையும் குறிக்கும், நிழலுக்கு அது போதிய ஒளி தரும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது, நெடுந்தொலைவு பறந்து களைத்த பறவையை வீணே அலைக்கழிப்பதால், அறவே கூடாது. அடைமழை நாள்களில் பயணத்தைத் தள்ளிவைக்கலாம்.