புதுவினை தொடங்கற்கண் எழும் அச்சமும் ஐயமும்

நல்வினை ஒன்றைத் தொடங்கக் கருதுமிடத்து, அதன் முறையையும் பயனையும் நன்கறிந்தாரும், 'இது நம்மால் ஆகுமோ? ஆகாதொழியின் உலகம் யாது சொல்லும்?' என்று பின்வாங்குதலை யாண்டுங் காண்கின்றோம். சித்தாந்த சாத்திரம் பதினான்கும் முறையாகப் பாடங்கேட்ட மாணாக்கர் சிலரை, 'நீவிர் பாடஞ் சொல்லத் தொடங்கலாமே' என யாம் வினவியதுண்டு. 'அடியேனுக்கு அத்தகுதி ஏது?' என்பதே பெரும்பாலும் வரும் விடை. கேட்டற்கு இனிய விடைதான். ஆயினும், பத்தாண்டு கழிந்த பின்னும் அவ்விடையே வருமாயின், கேட்ட பாடம் கேட்டவரோடு மறைந்துபோம். ஆகலின், இப் பின்வாங்குதல் பணிவின்பாற் படுவதோ, மலத்தின்பாற் படுவதோ என்பதைச் சாத்திர வழியால் ஆராய்தல் கடனாம்.

முதற்கண் அச்சமும் ஐயமும் ஒன்றல்ல என்பது கருதத்தக்கது. அருணந்தி சிவாசாரியர் இருபாவிருபஃதில் ஆணவத்துக்கு எட்டும், மாயைக்கு ஏழும், கன்மத்துக்கு ஆறுமாகக் குணங்களைப் பகுத்து ஓதினார். அவற்றுள் பயம் என்பது மாயையின் குணங்களோடு வைத்து எண்ணப்பட்டது. விகற்பம் என்பதோ ஆணவத்தின் குணங்களுள் முதற்கண் வைக்கப்பட்டது. உள்ளதனை உள்ளவாறு கொள்ளாது, வேறாகவும் மாறாகவும் கொண்டு நிலைகொள்ளாமை விகற்பம் என்க. உடம்பு, பொருள், புகழ் முதலிய மாயேயங்களைத் தன்னவாகப் பற்றியவழி, அவற்றுக்கு இழிவு வருங்கொல் என எழுவது பயம். தன்னையும் தன் அளவையும் பற்றிப் பிறழ உணர்வது விகற்பம். முன்னது பற்றிய பொருளைச் சார்ந்து வருவது. பின்னது உயிரோடு உடன்நிற்கும் மலத்தின் கூறு. அதனாற்றான் அவையிடைப் பேசிப் பழகிய அளவில் அச்சம் நீங்கப் பெற்றாரும், தம்மைப் பற்றிய ஐயம் நீங்கப் பெறாது உழல்கின்றனர்.

அற்றேல், உயிர் சுதந்திரம் இல்லாதது, அறிவிக்க அறிவது, செய்விக்கச் செய்வது என்பதன்றோ சித்தாந்தம்? அவ்வழி 'என்னால் ஆகாது' என்பது மெய்யுரையே ஆகலின் அதனை மலகாரியம் என்றல் பொருந்துமாறு யாங்ஙனம் எனின், கூறுதும். உயிர் தனித்து நின்று ஒன்றனைச் செய்யமாட்டாது என்பதே சாத்திரத்தின் கருத்து. செய்விப்பானொருவன் உளன் என்பதும் உடன் கூறப்பட்டது. முற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிற்பகுதியை விடுவார், இறைவனை நீக்கித் தம்மையே வினைமுதலாக வைத்து அளந்து, அளவு போதாமை கண்டு அஞ்சுகின்றனர். 'யானே செய்வேன்' என்பானும் 'யானோ செய்வேன்' என்பானும் அளவுகோலாகக் கொண்டது 'யான்' என்பதொன்றையே. ஒருவன் அதனை நீட்டிக் காட்டுகின்றான், மற்றொருவன் குறுக்கிக் காட்டுகின்றான், அவ்வளவே வேற்றுமை. செருக்கை ஆணவம் என்று எளிதில் உணரும் நாம், இக்குறுக்கத்தை ஆணவம் என்று உணராமைக்குக் காரணம், அது பணிவின் கோலம் புனைந்து வருதலே.

இனி, தத்துவ முறைமையில் வைத்து நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். கேவலத்தில் உயிரின் இச்சை ஞானக் கிரியைகள் ஆணவத்தால் முழுதும் மறைப்புண்டு கிடக்கும். அந்நிலையினின்று உயிரை எழுப்புங்கால், கலை என்னுந் தத்துவம் அவ்விருளை ஏகதேசமாக ஒதுக்கி உயிரின் கிரியையை விளக்கும். வித்தை அறிவை விளக்கும். அராகம் இச்சையை விளக்கும். இங்கு 'ஏகதேசமாக' என்னும் சொல்லை மாணாக்கர் பலரும் விரைந்து படித்துக் கடந்துவிடுகின்றனர். அதன்கண் நிற்றல் வேண்டும். இருள் முழுதும் நீங்கிய பின்னரே உயிர் செயற்படும் என்பது விதியாயின், சகலநிலையில் ஒருயிரும் ஒரு வினையும் செய்தல் கூடாது. முழுதும் நீங்குதல் முத்தியில் உள்ளது. சிறிது ஒதுங்கிய இடத்தே, அச்சிறு விளக்கங்கொண்டே, உண்ணுதல் முதல் நூலியற்றுதல் ஈறாகிய எல்லாம் நிகழ்கின்றன. ஆகவே, 'ஐயம் அறவே நீங்கட்டும், பின்னர்த் தொடங்குவேன்' என்பான், சகலத்தில் இருந்துகொண்டு முத்தியின் இயல்பை முன்பணமாகக் கேட்பானை ஒப்பன்.

இதற்கு இலக்கியமாகத் திருநாளைப்போவார் வரலாற்றைக் காண்போம். மேற்கானாட்டு ஆதனூரிற் பிறந்த இவ்வடியார், ஆலயப் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்துவந்தார். திருப்புன்கூரில் தம் பொருட்டு விடை விலகப்பெற்று வழிபட்டு, ஆண்டு ஒரு குளமும் அகழ்ந்தார். அதாவது, தொண்டு தொடங்குதற்கு அஞ்சினவர் அல்லர். தில்லை என்ற வழி மட்டும், செல்லவேண்டும் என்னும் வேட்கை எழும், உறக்கம் ஒழியும், விடிந்தபின் தம் பிறப்பினை எண்ணி அது தமக்கு இயையாது என ஒழிவர், மீண்டும் வேட்கை மிகும், 'நாளைப் போவேன்' என்பர். நாள்கள் இங்ஙனம் கழிந்தன.

ஈண்டு ஒன்று சொல்லல் வேண்டும். பண்ணை வேதியர் ஒருவர் விடைகொடாது தடுத்தமையால் 'நாளை நாளை' எனக் கழிந்தது என்று பலர் கருதுவது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் வந்த வழக்கு. சேக்கிழார் நூலில் அவ்வேதியர் இலர். ஆண்டுத் தடையாவது அடியாரின் எண்ணத்துள் நின்றதே. இசைநாடகத்துக்கு ஒரு பகைவன் வேண்டும் ஆதலின் பாரதியார் செய்தது பிழையென யாம் கூறேம். ஆயினும் நம் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது சேக்கிழார் காட்டிய வடிவமே. கைவிலங்கு யாதும் இன்றியும் கால் எழாமை அங்கேதான் காணப்படும்.

அவ்வெண்ணந்தானும் அவர் தாமே படைத்துக்கொண்டதோ எனின், அற்றன்று. உலகம் விதித்து அவர் உள்ளத்துள் இருத்தியது. இதனை மறைத்து, 'அஞ்சினவர் குற்றமே அச்சம்' என்பது நடுநிலை ஆகாது. அவர் வரலாற்றை விழா எடுத்துப் போற்றிய நாட்டிலேயே அவர் வழியினர் கோயிலுட் புகுதல் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அ. வைத்தியநாதையர் அவர்களை உடனழைத்துச் சென்றது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது 1947-இல். ஆகவே பிறரை நோக்கி 'அஞ்சாது தொடங்குக' என்பார், அவ்வச்சத்துக்கு வித்திட்டவருள் தாமும் ஒருவரோ என வினவிக்கொள்ளுதல் நன்று. மாணாக்கனது முதற்பிழையை அவையில் நகையாடும் ஆசிரியனுக்கும் இது பொருந்தும்.

வரலாற்றைத் தொடர்வோம். ஒருநாள் ஆற்றாமையாற் புறப்பட்டார். அப்பொழுது ஐயம் நீங்கியதோ? நீங்கிற்றிலது. தில்லையெல்லையை அடைந்து, வேள்விப்புகையும் வேதவொலியும் கண்டுங் கேட்டும் உட்புக அஞ்சி, இரவும் பகலும் அவ்வெல்லையை வலம்வந்தார் என்பதே புராணம். அச்சத்தோடு புறப்பட்டார், அச்சத்தோடு சேர்ந்தார், அச்சத்தோடு வலம்வந்தார். ஆனால் வலம்வந்தது தில்லையை, ஆதனூரை அன்று. கனவில் இறைவன் அருளியது அவ்வெல்லையிலேதான். வேட்கை ஆதனூரிலும் உண்டாயிருந்தது. ஆண்டு அக்கனவு வந்திலது. இதனைக் காரணகாரியமாக விதித்து உரைத்தல் ஆகாது. திருவருள் இடம் நோக்குவதன்று. எனினும், புராணம் வைத்த முறைமை இஃது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இறைவன் பணித்தவாறு எரியமைக்க வேண்டிய தில்லைவாழந்தணரும் அம்பலவர் திருவாயின் முன் அச்சத்தோடு கூடினர் என்கின்றார் சேக்கிழார். புறத்தே நின்றவருக்கு மட்டுமன்றி உள்ளே இருந்தாருக்கும் அன்று அச்சம் இருந்தது. முன் நிகழாத ஒன்றைத் தொடங்குங்கால் இருமருங்கும் நடுங்குதல் இயல்பு போலும். இதனைப் பொதுவாக விரிவுரையாளர் எடுத்துக்காட்டுவதில்லை.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்று. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களை அடுக்கிக் கூறியும் முதலியார் வியந்திலர். சீவகசிந்தாமணியைப் பற்றியே வினவினார். ஐயரோ அதனைப் பயின்றவரல்லர். சைவ மடத்துப் பயிற்சியால் அந்நூலின் சமணக் குறியீடுகள் விளங்கவுமில்லை. 'இது நம் துறையன்று' என்று ஏட்டைக் கட்டி வைத்திருப்பின் குறைகூறுவார் எவரும் இலர். அவர் செய்தது கும்பகோணத்திலிருந்த சைனர் இல்லங்களுக்குச் சென்று, மாணாக்கராய் அமர்ந்து கேட்டறிந்தது. நூல் அச்சில் வந்தது 1887-இல். கல்லூரி ஆசிரியராயிருந்த ஒருவர் மீண்டும் மாணாக்கராதலே அங்குக் கடினமான தொடக்கம் என்பது எமது கருத்து. சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியர், தம்மினும் மிக இளையராகிய மெய்கண்டாரை ஆசானாகக் கொண்ட மரபு நமக்கு உண்டன்றோ?

அங்ஙனமாயின் அவையடக்கம் என்பது எற்றுக்கு? சான்றோர் தம் சிறுமையை எடுத்துக் கூறினாரே எனின், அவையடக்கம் நிற்கும் இடத்தை நோக்குக. அது நூலின் பாயிரத்துள் நிற்பது. தில்லைக்கூத்தன் முதற்சொல் எடுத்துக்கொடுக்க நூல் தொடங்கியதாகப் போற்றப்படும் சேக்கிழாரும் அவையடக்கம் கூறினார். கூறிவிட்டு மேலே பாடினார். நூலே இயற்றாதவனுக்கு அவையடக்கம் பாட இடம் ஏது? இன்னும், உமாபதி சிவம் சிவப்பிரகாசத்துப் பாயிரத்தில், பழமை ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது, புதுமை ஒன்றே தீமைக்குச் சான்றாகாது என்னுங் கருத்தையும் நிறுவினார். தன்னைத் தாழ்த்துதலும் தன் நூலை நாட்டுதலும் அவர்பால் மாறுகொண்டில.

மேற்கூறிய மாணாக்கருக்கு யாம் சொல்லிவருவது இது. சிவஞானபோதத்துக்கு உரை விரிப்பதைத் தொடக்கமாக எண்ணி மலைத்தல் வேண்டா. திருவருட்பயன் பத்து அதிகாரம், நூறு குறள். முதலாவதாகிய பதிமுதுநிலையில் பத்தே குறள். அப்பத்தனையும், இரண்டு பேரை முன்னிருத்தி, தாம் கேட்டவாறே சொல்லுக. கேட்பவர் வினவும் வினாவுக்கு விடை தெரியாதவழி, 'ஆசிரியரைக் கேட்டு நாளை உரைப்பேன்' என்க. அந்த 'நாளை' குற்றமுடையதன்று. பத்தாங்குறள் முடிவதற்குள் தாம் எதனைக் கேட்டிலோம், எதனைக் கேட்டு மறந்தோம் என்பது தாமே விளங்கிவிடும். தனித்திருந்து ஏடு புரட்டுவார்க்கு அது பத்தாண்டினும் விளங்குவதில்லை. அவ்வாறு விளங்கியவற்றை ஏட்டிற் குறித்துக்கொண்டு, மறுநாட் காலையில் ஆசிரியர்பாற் சென்று கேட்டு, பின்னர் இரண்டாம் அதிகாரமாகிய உயிரவைநிலையைத் தொடங்குக.